மாதந்தோறும் ஓர் அதிசய பேட்டரி: கைப்பேசிக்கு மட்டும் ஏன் வருவதில்லை?

கேள்வி இதுதான்: “ஐந்து நிமிடத்தில் நிரம்பும், ஒரு வாரம் தாங்கும், இருபது ஆண்டு உழைக்கும் என்றெல்லாம் மாதம் தவறாமல் பேட்டரிச் செய்திகளைப் படிக்கிறேன். என்னுடைய மூன்று வயதுக் கைப்பேசியோ மாலை நான்கு மணிக்கே அணைந்துவிடுகிறது. அந்தப் பேட்டரிகளெல்லாம் எங்கே போயின? நிறுவனங்கள் வேண்டுமென்றே மறைக்கின்றனவா? புதிய நுட்பம் வரும்வரை நான் காத்திருக்கலாமா?”

நான் வேதியியல் படித்தவன் அல்லன். சிலர் கிரிக்கெட் ஸ்கோர் பார்ப்பதுபோலப் பதினைந்து ஆண்டுகளாகப் பேட்டரிச் செய்திகளைப் பார்த்து வருபவன். செய்தியோடு நில்லாமல் அதன் அடியில் இருக்கும் ஆய்வுக் கட்டுரையையும் தேடிப் பிடித்துவிடும் பழக்கம் உள்ளவன். அந்தப் பழக்கத்தில் எனக்குப் புரிந்த வரையில், நீங்கள் படித்த செய்திகளில் பெரும்பாலானவை பொய்யல்ல. ஒவ்வொன்றும் ஏதோ ஓர் எண்ணைப் பற்றி உண்மையே சொல்கிறது. ஆனால் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளும் ஒரு பேட்டரி, தன் எடைக்கு எவ்வளவு ஆற்றலைத் தேக்குகிறது, அதற்கு எவ்வளவு இடம் பிடிக்கிறது, எவ்வளவு வேகத்தில் நிரம்புகிறது, எத்தனை முறை நிரம்பி வடிகிறது, எந்த வெப்பம் வரை தாங்குகிறது, நசுங்கினால் தீப்பிடிக்குமா, என்ன விலை, கோடிக்கணக்கில் ஒரே தரத்தில் செய்ய முடியுமா என்ற எட்டுப் பாடங்களிலும் ஒரே நேரத்தில் தேற வேண்டும். செய்தியில் வருவது ஒரு பாடத்தில் நூற்றுக்கு நூறு வாங்கிய மாணவன். மற்ற ஏழு பாடங்களின் மதிப்பெண் பட்டியல் செய்தியில் இருப்பதில்லை.

2016-இல் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் இர்வைன் வளாகத்திலிருந்து வந்த செய்தி உங்களுக்கு நினைவிருக்கலாம். பேராசிரியர் ரெஜினால்ட் பென்னரின் ஆய்வகத்தில் மியா லே தாய் என்ற ஆய்வு மாணவி, தங்க நுண்கம்பிகளின் மேல் மாங்கனீசு டைஆக்சைடைப் பூசி, பேட்டரியின் இரு முனைகளுக்கு இடையே மின்னூட்டத்தைக் கடத்தும் வழக்கமான திரவ மின்பகுளிக்குப் பதிலாகக் கூழ் போன்ற ஒரு மின்பகுளியில் அவற்றை வைத்துப் பார்த்தார். சில ஆயிரம் சுற்றுகளில் முறிந்துவிட வேண்டிய அந்தக் கம்பிகள், மூன்று மாத காலத்தில் 2,00,000 முறை நிரம்பி வடிந்த பிறகும் ஏறக்குறைய அப்படியே இருந்தன. ஆயுள் முழுவதும் உழைக்கும் பேட்டரி வந்துவிட்டது என்று உலகம் முழுவதும் தலைப்புச் செய்திகள் ஓடின. இங்கே ஒரு சிறு வகுத்தல் கணக்கைப் போட்டுப் பாருங்கள். மூன்று மாதத்தில் இரண்டு லட்சம் சுற்று என்றால், ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 40 விநாடிகள்தாம் கிடைக்கின்றன. நாற்பது விநாடியில் நிரம்பி வடிய வேண்டுமானால் அந்தப் பூச்சு மிக மெல்லியதாக இருந்திருக்க வேண்டும். அது தேக்கிய ஆற்றலும் அதே அளவுக்கு மிகச் சிறியது. உண்மையில் அங்கே சோதிக்கப்பட்டது, சிறிதளவு மின்சாரத்தை மிக வேகமாக வாங்கிக் கொடுக்கும் மின்தேக்கி (கெப்பாசிட்டர்) வகையைச் சேர்ந்தது. கைப்பேசியில் இருப்பது போன்ற பேட்டரி அன்று. இதில் ஆய்வாளர்மீது எந்தக் குற்றமும் இல்லை. நுண்கம்பி ஏன் முறிகிறது, அதை எப்படித் தடுப்பது என்பதே அவர் எழுப்பிய கேள்வி. அதற்கு அது அருமையான விடை. உங்கள் கைப்பேசியைப் பற்றிய கேள்வியை நடுவில் நுழைத்தவர்கள் செய்தி எழுதியவர்கள்.

அடுத்தது வேகம். 2014 ஏப்ரலில் இஸ்ரேல் நாட்டு ஸ்டோர்டாட் நிறுவனம், டெல் அவிவ் நகரில் ஒரு மேடையில் சாம்சங் கேலக்சி எஸ்4 கைப்பேசியை ஏறத்தாழ 30 விநாடிகளில் நிரப்பிக் காட்டியது. கைப்பேசியோடு இணைக்கப்பட்டிருந்த அந்த மாதிரி பேட்டரி, கைப்பேசியைவிடப் பருமனாக இருந்ததைக் காணொளியில் பார்த்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். இன்றைய கைப்பேசிகளில் பரவலாக உள்ள 5,000 மில்லி ஆம்பியர் மணி பேட்டரி ஏறத்தாழ 19 வாட் மணி ஆற்றலைத் தேக்குகிறது. அதை ஒரு மணி நேரத்தில் நிரப்ப 19 வாட் போதும். ஐந்து நிமிடத்தில் நிரப்ப ஏறத்தாழ 230 வாட் வேண்டும். 30 விநாடியில் நிரப்ப 2,300 வாட், அதாவது இரண்டு இஸ்திரிப் பெட்டிகள் சேர்ந்து இழுக்கும் மின்சாரம், ஒரு மெல்லிய கம்பி வழியாக உங்கள் உள்ளங்கைக்குள் பாய வேண்டும். அதில் நூற்றுக்கு ஐந்து பங்கு வெப்பமாக வீணானாலும், பழைய 100 வாட் குண்டு பல்பை எரியவிட்டுக் கையில் பிடித்திருப்பதற்கு ஒப்பாகும்.

வெப்பத்தை எப்படியோ சமாளித்தாலும் உள்ளே வேறொரு சிக்கல் காத்திருக்கிறது. நிரப்பும்போது லித்தியம் அயனிகள் (மின்னூட்டம் பெற்ற லித்தியம் அணுக்கள்) நேர்முனையிலிருந்து கிளம்பி, மின்பகுளியைக் கடந்து, எதிர்முனையில் உள்ள கிராஃபைட் என்ற கரிமப் பொருளின் அடுக்குகளுக்கு இடையே போய் அமர்கின்றன. கல்யாண மண்டபத்துப் பந்தியை நினைத்துக்கொள்ளுங்கள்: ஆட்களை நிதானமாக உள்ளே விட்டால் அத்தனை பேருக்கும் இலை கிடைக்கும்; நெருக்கித் தள்ளினால் உள்ளே இடம் இருக்கும்போதே வாசலில் கூட்டம் தேங்கிவிடும். அதுபோல, மிக வேகமாகத் தள்ளப்படும் அயனிகள் அடுக்குக்குள் நுழைய வாய்ப்புக் கிடைக்காமல் கிராஃபைட்டின் மேற்பரப்பிலேயே உலோகமாகப் படிந்துவிடுகின்றன. அப்படிப் படிந்த லித்தியத்தில் ஒரு பகுதி மறுபடி பயன்படாது. மோசமான நிலையில் அது ஊசி போல வளர்ந்து எதிர்ப்பக்கத்தைத் தொட்டு உள்ளேயே குறுக்குச் சுற்றை (ஷார்ட் சர்க்யூட்) உண்டாக்கும். இதைத் தவிர்க்க மின்முனைகளை மெல்லியதாக்கி வாசலை அகலமாக்கலாம். ஆனால் மின்முனை மெலிந்தால், ஆற்றலைத் தேக்காத செம்பு, அலுமினியத் தகடுகளின் பங்கு கூடிப்போய், அதே இடத்தில் குறைந்த ஆற்றலே தங்கும். வேகமும் கொள்ளளவும் ஒன்றிலிருந்து ஒன்று கடன் வாங்கித்தான் வாழ்கின்றன.

ஆனாலும் இந்த வகைச் செய்தி முழுவதும் பொய்த்துவிடவில்லை என்பதைச் சொல்லத்தான் வேண்டும். 2023-இல் ரியல்மீ நிறுவனம் விற்பனைக்குக் கொண்டுவந்த ஜிடி நியோ 5 கைப்பேசியின் 240 வாட் வகை, 4,600 மில்லி ஆம்பியர் மணி பேட்டரியை ஏறத்தாழ பத்து நிமிடத்தில் நிரப்பியது. அதற்கென்று புதிய தனிமம் எதுவும் கண்டுபிடிக்கப்படவில்லை. பேட்டரியை இரண்டாகப் பிரித்தார்கள், மின்னோட்டத்துக்குப் பேட்டரியே காட்டும் உள்தடையைக் குறைத்தார்கள், வெப்பநிலையை ஓயாமல் கண்காணித்தார்கள், கனமான சார்ஜரும் கம்பியும் கொடுத்தார்கள். அதிசயம் என்று சொல்லிக்கொள்ளாமல் வந்ததால் அதை யாரும் அதிசயமாக எடுத்துக்கொள்ளவில்லை.

மூன்றாவது வகை, “பத்து மடங்கு” செய்தி. என் பார்வையில் இதுதான் எல்லாவற்றிலும் சுவையானது, ஏனென்றால் இதில் பத்து என்ற எண்ணும் சரி, பேட்டரி பத்து மடங்கு ஆகாததும் சரி. ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தின் யி சுய் குழு, சிலிக்கான் நுண்கம்பிகளால் ஆன எதிர்முனையைப் பற்றி 2008 தொடக்கத்தில் ஒரு கட்டுரை வெளியிட்டது. கிராஃபைட் ஒரு கிராமுக்கு 372 மில்லி ஆம்பியர் மணி அளவுக்கு லித்தியத்தை ஏற்கும். சிலிக்கான் கோட்பாட்டளவில் ஏறத்தாழ 4,200 வரை ஏற்கும். எனவே இரண்டு மணி நேரம் தாங்கும் மடிக்கணினி இருபது மணி நேரம் தாங்கும் என்று செய்திகள் எழுதின. ஆனால் பேட்டரிக்கு இரண்டு முனைகள் உண்டு. தோராயமாக, 1 ஆம்பியர் மணியைத் தேக்க நேர்முனையில் 6 கிராம் கோபால்ட் ஆக்சைடும் எதிர்முனையில் 3 கிராம் கிராஃபைட்டும் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். கிராஃபைட்டின் எடையைப் பத்தில் ஒன்றாகக் குறைத்தால், மொத்தம் 9 கிராமாக இருந்தது 6.3 கிராமாக ஆகிறது. எதிர்முனையே வேண்டாம் என்று மாயமாக்கிவிட்டாலும் 6 கிராமுக்குக் கீழே இறங்காது. ஆகவே பத்து மடங்கு முன்னேற்றம் நம் கைக்கு வரும்போது ஒன்றரை மடங்குக்கும் குறைவாகச் சுருங்கிவிடுகிறது. செம்புத் தகடு, மின்பகுளி, உறை ஆகியவற்றையும் எடையில் சேர்த்தால் இன்னும் குறையும்.

சிலிக்கானுக்கு வேறொரு குறையும் உண்டு. லித்தியத்தை முழுமையாக ஏற்கும்போது அது தன் பருமனைப் போல ஏறத்தாழ நான்கு மடங்காக விரிகிறது, வடியும்போது சுருங்குகிறது. நாள்தோறும் இப்படி விரிந்து சுருங்கினால் துகள்கள் நொறுங்கும். நொறுங்கும் ஒவ்வொரு புதிய பரப்பின் மேலும் மின்பகுளி சிதைந்து ஒரு மெல்லிய படலத்தை உண்டாக்கும். அந்தப் படலம் உருவாகும்போதெல்லாம் கொஞ்சம் லித்தியம் அதில் சிக்கிக்கொள்ளும்.

அந்தக் “கொஞ்சம்” எவ்வளவு சிறியதாக இருக்க வேண்டும் என்பதை ஒருமுறை கணக்கிட்டுப் பார்த்தவர்கள் அதற்குப் பிறகு பேட்டரிச் செய்திகளைப் பழையபடி படிக்க மாட்டார்கள். ஒவ்வொரு சுற்றிலும் கொள்ளளவில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்கு மிஞ்சுகிறது என்று வைத்துக்கொள்வோம். கேட்பதற்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் எழுபது சுற்றுகளில் பாதி போய்விடும். 500 சுற்றுகள் முடியும்போது ஒரு விழுக்காடு கூட மிஞ்சாது. 99.9 விழுக்காடு என்றால் 500 சுற்றுகளுக்குப் பின் 61 விழுக்காடு மிஞ்சும். 500 சுற்றுகளுக்குப் பிறகும் 80 விழுக்காடு இருக்க வேண்டுமானால், ஒவ்வொரு சுற்றிலும் 99.955 விழுக்காடு தப்பிப் பிழைக்க வேண்டும். ஐபோன் 15 வரிசைக்கு ஆப்பிள் நிறுவனம் சொல்வதுபோல 1,000 சுற்றுகள் என்றால் அது 99.978 ஆகிறது. பேட்டரி உலகின் போராட்டம் பெரும்பாலும் இந்தத் தசமப் புள்ளிக்கு வலப்புறத்தில்தான் நடக்கிறது. கனடாவின் டல்ஹவுசி பல்கலைக்கழகத்தில் ஜெஃப் டானும் அவருடைய குழுவினரும், இவ்வளவு சிறிய இழப்பையும் பிழையின்றி அளக்கும் கருவிகளை உருவாக்குவதற்கே பல ஆண்டுகள் செலவிட்டார்கள். அளக்கத் தெரிந்தால்தான், ஒரு பேட்டரி மூன்று ஆண்டு தாங்குமா என்பதை அறிய மூன்று ஆண்டு காத்திராமல் சில வாரங்களில் ஊகிக்க முடியும். “ஐம்பது சுற்றுகளுக்குப் பின்னும் நன்றாக இயங்கியது” என்ற வரியை ஏதாவது செய்தியில் கண்டால், உங்களுக்கு அது ஒன்றரை மாதம் என்பதை நினைவில் வையுங்கள்.

இத்தனை தேர்வுகளையும் தாண்டி ஒன்று வரத்தான் செய்தது: இன்று நம் கைப்பேசியில் இருக்கும் லித்தியம் அயனி பேட்டரி. அது வர எடுத்துக்கொண்ட காலம் இங்கே முக்கியம். 1970-களில் எக்சான் நிறுவனத்தில் ஸ்டான்லி விட்டிங்ஹாம் டைட்டானியம் டைசல்ஃபைடையும் லித்தியம் உலோகத்தையும் கொண்டு முதல் வடிவத்தை உருவாக்கினார். 1980-இல் ஆக்ஸ்போர்டில் ஜான் குட்இனஃப் குழு, நேர்முனைக்கு லித்தியம் கோபால்ட் ஆக்சைடைக் கொண்டுவந்தது. ஆபத்தான லித்தியம் உலோகத்தை நீக்கி அதன் இடத்தில் கரிமப் பொருளை வைத்தவர் ஜப்பானின் அகிரா யோஷினோ, ஆண்டு 1985. அந்த உலோகம் எவ்வளவு ஆபத்தானது என்பது ஏட்டோடு நின்றுவிடவில்லை. கனடாவின் மோலி எனர்ஜி நிறுவனம் லித்தியம் உலோக பேட்டரிகளை விற்பனைக்கே கொண்டுவந்து, 1989-இல் தீ விபத்துக்குப் பின் அவற்றைத் திரும்பப் பெற்றுக்கொண்டு நொடித்துப்போனது. மேலே சொன்ன ஜெஃப் டான் அங்கே வேலை பார்த்தவர்தான். 1991-இல் சோனி நிறுவனம் லித்தியம் அயனி பேட்டரியைக் கடைக்குக் கொண்டுவந்தது. முதல் எண்ணத்திலிருந்து கடைக்கு வர ஏறத்தாழ இருபது ஆண்டுகள். விட்டிங்ஹாம், குட்இனஃப், யோஷினோ மூவருக்கும் நோபல் பரிசு 2019-இல்தான் வந்தது. அப்போது 97 வயதாகியிருந்த குட்இனஃப் சார்பாக ஸ்டாக்ஹோமில் நோபல் உரையை நிகழ்த்தியவர், தென் தமிழகத்தின் அமராபுரம் என்ற சிற்றூரில் பிறந்து, மதுரையிலும் சென்னை ஐ.ஐ.டி.யிலும் படித்து, ஆக்ஸ்போர்டிலும் டெக்சாசிலும் குட்இனஃப்புடன் பணியாற்றிய ஆறுமுகம் மந்திரம். இன்று மலிவான மின்வாகனங்களில் உள்ள இரும்பு பாஸ்பேட் பேட்டரிகளைப் பற்றிப் பேசுகிறோம் அல்லவா, அந்த வகை நேர்முனைகளுக்கு வழிவகுத்த 1980-களின் ஆய்வில் அவருக்குப் பங்கு உண்டு. நம்மூர்ச் செய்திகளில் இவருக்குக் கிடைத்த இடம், ஏதோ ஒரு பள்ளி மாணவர் தண்ணீரில் ஓடும் பைக்கைக் கண்டுபிடித்தார் என்ற செய்திக்குக் கிடைக்கும் இடத்தைவிடக் குறைவு என்பது என் நெடுநாள் மனக்குறை.

ஆய்வகத்தில் ஒன்று செய்வதற்கும் ஆலையில் கோடி செய்வதற்கும் உள்ள தொலைவைக் காட்ட சாம்சங் கேலக்சி நோட் 7 ஒன்றே போதும். 2016 ஆகஸ்டில் வெளிவந்த அந்தக் கைப்பேசியில் புதிய வேதியியல் எதுவும் இல்லை. கால் நூற்றாண்டு பழகிய லித்தியம் அயனி பேட்டரிதான். சில தீப்பற்றியதும் ஏறத்தாழ 25 லட்சம் கைப்பேசிகள் திரும்பப் பெறப்பட்டு, வேறொரு நிறுவனத்தின் பேட்டரி பொருத்தித் தரப்பட்டன. அவையும் தீப்பற்றின. நிறுவனம் 2,00,000 கைப்பேசிகளையும் 30,000 பேட்டரிகளையும் சோதித்து 2017 ஜனவரியில் சொன்ன காரணங்கள் இரண்டு. முதல் நிறுவனத்தின் பேட்டரியில் மேல் மூலை ஒன்றில் எதிர்முனைத் தகடு மடங்கியிருந்தது. இரண்டாவது நிறுவனத்தினுடையதில் பற்றவைப்பின்போது எழுந்த உலோகப் பிசிறு, மின்முனைகளைப் பிரிக்கும் தாளைத் துளைத்தது. சிலவற்றில் மின்காப்பு நாடாவே ஒட்டப்படவில்லை. நன்றாகத் தெரிந்த ஒரு பொருளிலேயே மில்லிமீட்டருக்குக் குறைவான பிசகு இவ்வளவு செய்யுமென்றால், நேற்றுக் கண்டுபிடித்த ஒன்றைக் கோடிக்கணக்கானவர்களின் சட்டைப் பையில் வைக்க எந்த நிறுவனமும் தயங்கத்தான் செய்யும். அந்தத் தயக்கத்தைக் குறை சொல்ல என்னால் இயலாது.

இனி, மறைக்கிறார்களா என்ற கேள்வி. கைப்பேசி விற்பவர்களுக்குள் இருக்கும் போட்டியைப் பார்த்தால் இது நம்பத்தக்கதாக இல்லை. சற்று முன் சொன்ன சிலிக்கானையே எடுத்துக்கொள்ளுங்கள். அந்த 2008 கட்டுரைக்குப் பதினைந்து ஆண்டுகள் கழித்து, 2023-இல் ஹானர் நிறுவனம் மேஜிக் 5 புரோ கைப்பேசியின் சீனப் பதிப்பில் சிலிக்கான் கலந்த கரிம எதிர்முனையுடன் 5,450 மில்லி ஆம்பியர் மணி பேட்டரியை வைத்தது. அதற்குப் பின் இரண்டே ஆண்டுகளில் மற்ற சீன நிறுவனங்கள் 6,000, 7,000 என்று ஒன்றையொன்று முந்திக்கொண்டு ஓடின. முழுச் சிலிக்கான் இல்லை. விரிவைத் தாங்கும்படி கரிமத்துக்குள் பொதிந்த சிறு பங்கு மட்டுமே. ஆனால் கைப்பேசியைப் பருமனாக்காமல் கொள்ளளவைக் கூட்ட அது போதுமானதாக இருந்தது. கையில் கிடைத்ததும் ஒருவர் கூட மறைத்து வைக்கவில்லை. நீங்கள் 2008-இல் படித்த “அதிசயம்” ஒருவேளை உங்கள் அடுத்த கைப்பேசியில் இருக்கும். பத்து மடங்கு என்ற பெயரில் வராததால் உங்களுக்கு அடையாளம் தெரியாது.

திரவத்துக்குப் பதிலாகத் திட மின்பகுளி கொண்ட பேட்டரிகள் பற்றியும் நிறையச் செய்திகள் வருகின்றன. டொயோட்டா 2020-களின் தொடக்கத்தில் என்று சொல்லிவந்து, பின்னர் 2027–28 என்று தள்ளிப்போட்டது. அது முதலில் விலையுயர்ந்த மின்வாகனங்களுக்கு வரும் என்பது என் ஊகம். சோடியம் அயனி பேட்டரி நல்ல செய்திதான், ஆனால் எடைக்குரிய ஆற்றல் குறைவு என்பதால் கைப்பேசிக்குப் பொருந்தாது. வீட்டு இன்வெர்ட்டருக்கும் சிறு வாகனங்களுக்கும் பொருந்தும். கிராஃபீன் (ஓர் அணு அளவே தடிப்புள்ள கரிமத் தாள்) என்று அட்டையில் அச்சிட்ட பவர் பேங்குகளைப் பற்றிக் கேட்டால், நான் வாங்கிய ஒன்றை மின் அளவி கொண்டு சோதித்ததில் சாதாரண பவர் பேங்கிலிருந்து எந்த வேறுபாட்டையும் காணவில்லை என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

செய்தியில் இடம்பெறாத ஒரு முன்னேற்றம் மென்பொருளில் நிகழ்ந்திருக்கிறது. திரையில் தெரியும் “63 விழுக்காடு” என்பது அளந்து கண்ட எண் அன்று. உள்ளே சென்றதும் வெளியே வந்ததுமான மின்னோட்டத்தைக் கூட்டிக் கழித்து, மின்னழுத்தத்தையும் வெப்பநிலையையும் ஒப்பிட்டு, ஒரு சில்லு செய்யும் கணிப்பு. பேட்டரி முதுமையடையும்போது அதன் உள்தடை கூடுகிறது. கேமராவைத் திறப்பது போல ஒரு நொடி அதிக மின்சாரம் கேட்கும் வேளையில் மின்னழுத்தம் சட்டென்று சரிந்து, 30 விழுக்காடு காட்டிக்கொண்டிருந்த கைப்பேசி அப்படியே அணைந்துவிடும். உங்கள் நான்கு மணிச் சிக்கல் இதுவாகவே இருக்கக்கூடும்.

2017-இல் ஆப்பிள் நிறுவனம் சிக்கிக்கொண்டதும் இந்த இடத்தில்தான். பேட்டரி மூப்படைந்த ஐபோன்கள் திடீரென அணையாதிருக்க, அவற்றின் செயலியைச் சற்று மெதுவாக்கும் மென்பொருளை அது அனுப்பியிருந்தது. அவ்வாண்டு டிசம்பரில் வேகச் சோதனைத் தரவுகளிலிருந்து விஷயம் வெளியானது. நிறுவனம் ஒப்புக்கொண்டு, அமெரிக்காவில் பேட்டரி மாற்றும் கட்டணத்தை 79 டாலரிலிருந்து 29 டாலராகக் குறைத்து, அடுத்த ஆண்டு மார்ச்சில் பேட்டரியின் உடல்நிலையைக் காட்டும் பகுதியையும் சேர்த்தது. மெதுவாக்கியது பொறியியல் நோக்கில் சரியான முடிவு, சொல்லாமல் செய்தது தவறு என்பது என் கருத்து. அந்தச் சர்ச்சையால் நமக்குக் கிடைத்த நன்மை, இன்று பல கைப்பேசிகளில் பேட்டரியின் எஞ்சிய கொள்ளளவையும் சுற்றுகளின் எண்ணிக்கையையும் பார்க்க முடிவதுதான். ஐரோப்பிய ஒன்றியம் ஒரு படி மேலே போய், 2025 ஜூன் 20 முதல் அங்கே சந்தைக்கு வரும் கைப்பேசிகளின் பேட்டரி 800 சுற்றுகளுக்குப் பின்னும் 80 விழுக்காடு கொள்ளளவுடன் இருக்க வேண்டும் என்று விதித்திருக்கிறது; எத்தனை சுற்று தாங்கும் என்பதை அட்டையில் அச்சிடவும் வேண்டும். இந்தியாவில் அதே கைப்பேசியை வாங்குபவரும் அந்த எண்ணை இணையத்தில் தேடிப் பார்த்துக்கொள்ளலாம். எத்தனை வாட் என்று பார்ப்பதைவிட இது பயனுள்ளது.

கடைசிக் கேள்விக்கு என் விடை: காத்திருக்க வேண்டாம். மூன்று ஆண்டு நாள்தோறும் நிரப்பியிருந்தால் உங்கள் பேட்டரி ஆயிரம் சுற்றை நெருங்கியிருக்கும். அது தன் கடமையை முடித்துவிட்டது. கைப்பேசியின் மற்ற பகுதிகள் நன்றாக இருந்தால் நிறுவனத்தின் சேவை மையத்தில் பேட்டரியை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள். எந்த அதிசயச் செய்தியும் தராத மாற்றத்தை அது அன்று மாலையே தந்துவிடும். புதிய பேட்டரியில் 80 விழுக்காட்டோடு நிறுத்தும் வசதியை இயக்கி வையுங்கள், ஏனென்றால் கடைசி இருபது விழுக்காட்டில்தான் மின்னழுத்தம் உச்சத்தில் நின்று நேர்முனையையும் மின்பகுளியையும் அரிக்கிறது. வெளியூர் போகும் நாளில் தயங்காமல் நூறு வரை நிரப்புங்கள். ஒரு நாளால் ஒன்றும் கெட்டுவிடாது. இரவு முழுவதும் சார்ஜரில் இருப்பதைவிட, சித்திரை வெயிலில் காரின் முன்கண்ணாடிக்குக் கீழே வழிகாட்டி வரைபடத்தை ஓட்டிக்கொண்டே நிரப்புவதுதான் பேட்டரிக்குப் பெரிய கேடு.

பயன்படுத்தாத பழைய கைப்பேசி எதையும் மேசை இழுப்பறையில் முழுதாக நிரப்பிப் போட்டுவைக்காதீர்கள். நான் அப்படி வைத்த ஒன்று, இரண்டு ஆண்டுகள் கழித்துத் திறந்து பார்த்தபோது பூரி போல உப்பி, திரையைச் சட்டத்திலிருந்து பெயர்த்துத் தள்ளியிருந்தது. உள்ளே மின்பகுளி சிதைந்து வாயுவாகியிருந்ததே காரணம். அந்த நிலையில் அதை அழுத்தவோ குத்தவோ மறுபடி சார்ஜ் செய்யவோ கூடாது. குப்பைத் தொட்டியிலும் போடக்கூடாது. ஓர் உலோகப் பெட்டியில் மணலைப் பரப்பி அதன்மேல் வைத்து, எதிலும் இடிபடாதபடி எடுத்துச் சென்று மின்னணுக் கழிவு பெறுபவரிடம் ஒப்படைத்தேன்.